நோவு காட்டாத வியாதியும் வாசல் தேடி வரும் வைத்தியமும்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குச் செல்லும் சாலையில் உள்ள திருவரங்குளம், சோழர் காலத்துக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் சிவாலயத்துக்கும், சமஸ்தான காலத்தில் மன்னர்கள் வேட்டையாடச் சென்ற காட்டுக்கும் பெயர் பெற்ற ஊர். அவ்வூரின் பெயரால் வழங்கும் ஊராட்சி ஒன்றியத்திலோ, நெல்லும் நிலக்கடலையும் ஒரு பக்கம், வடகாட்டுப் பலாவும் பூவும் ஒரு பக்கம், வம்பனில் உள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையத்தின் வயல்களில் உளுந்தும் பாசிப்பயறும் ஒரு பக்கமாக, மண்ணை நம்பி வாழும் ஜனங்களே மிகுதி. உழைத்து உண்ணும் இத்தகைய கிராமங்களில் இரத்த அழுத்த வியாதிக்கு இடமே இல்லையென்றும், அது பட்டணத்தில் நாற்காலியில் அமர்ந்து காரியம் பார்க்கும் பணக்காரருக்கு வருவதென்றும் நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. படியாதவர்கள் மட்டுமன்றிப் படித்தவர்களும் அவ்வாறே நம்பினார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு பொய்யானது என்பதைத் தமிழகம் முழுவதும் நகரம் கிராமம் என்ற பேதமின்றி 2020ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட ஒரு கணக்கு காட்டிவிட்டது: பதினெட்டு வயதுக்கும் அறுபத்தொன்பது வயதுக்கும் இடைப்பட்டவர்களில் நூற்றுக்கு 33.9 பேர், அதாவது மூவரில் ஒருவர், மிகை இரத்த அழுத்தம் உள்ளவர்.

அதைவிடக் கலங்கச் செய்யும் செய்தி ஒன்று அதே கணக்கில் இருக்கிறது. அப்படி வியாதியுற்றவர்களை மட்டும் தனியே நிறுத்திப் பார்த்தால், அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 7.3 பேர்தாம். ஏனையோரில் பெரும் பகுதியினர் தமக்கு வியாதி இருப்பதையே அறியாதவர்கள். அறிந்தும் மாத்திரை உண்ணாதவர்கள் சிலர். உண்டும் அளவு குறையாதவர்கள் சிலர். மருந்து இல்லாத வியாதியன்று இது, மருந்து விலையேறியதுமன்று, அளக்கும் கருவியோ நூறாண்டுக்கு மேற்பட்ட பழமையுடையது. இவ்வளவும் கையில் இருந்தும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பயன்படாமற் போனதற்குக் காரணம் யாது என்று ஆராய்ந்தால், குறைவு மருந்திலும் கருவியிலும் இல்லை, மருந்தையும் கருவியையும் வியாதியஸ்தனுடைய வாசலுக்குக் கொண்டு சேர்க்கும் மனிதரிடத்தே இருந்தது என்பது புலப்படும். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த மனிதரைப் பற்றியதே.

காய்ச்சல் வந்தவன் வைத்தியனை நாடுகிறான். பல்வலி கண்டவன் இரவோடு இரவாக ஓடுகிறான். நோவுதான் நம்மை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டி. இரத்த அழுத்தத்துக்கு அந்த வழிகாட்டி இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, படபடப்பு ஆகியவற்றை ஜனங்கள் ‘பிரஷர்’ என்று எண்ணிக்கொள்வதுண்டு. ஆனால் மேல் அளவு 180க்கு ஏறியவர்களில் எத்தனையோ பேர் எவ்விதத் தொல்லையுமின்றி அன்று காலையில் வரப்பு வெட்டிவிட்டு வந்திருப்பார்கள். தேகம் முறையிடாத வரையில் அவர்கள் எதற்காக ஆஸ்பத்திரிக்கு வரப்போகிறார்கள்?

இரத்த அழுத்தம் என்பது யாது? இருதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை சுருங்கி, நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் அளவில் இரத்தத்தைத் தமனிகளுக்குள் செலுத்துகிறது. அவ்வாறு செலுத்தும்போது குழாய்ச் சுவரின்மேல் விழும் தாக்கமே மேல் அளவு. அடுத்த துடிப்புக்காக இருதயம் தளர்ந்திருக்கையில் எஞ்சி நிற்கும் தாக்கம் கீழ் அளவு. 120 என்று மருத்துவர் சொல்வது, அவ்வழுத்தம் 120 மில்லிமீட்டர் உயரமுள்ள பாதரசத்தைத் தாங்கி நிறுத்த வல்லது என்பதைக் குறிக்கும். பாதரசம் தண்ணீரைப் போல் 13.6 மடங்கு கனமுடையதாதலின், தண்ணீரில் அதைக் கணக்கிட்டால் ஐந்தடிக்கு மேற்பட்ட உயரம் வரும். நம்மிற் பலருடைய ஆள் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் வேகத்தோடு நம் இருதயம் இரவும் பகலும் உழைக்கிறது. நுண்ணிய தமனிகள் இறுகினாலும், சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் தேக்கிக்கொண்டாலும், வயது ஏறப் பெருந்தமனிகள் நெகிழ்ச்சியை இழந்தாலும் இந்த வேகம் மிகுகிறது. மிகுந்த மாத்திரத்தில் எதுவும் உடைந்துவிடுவதில்லை. புதுக்கோட்டைச் சீமை கண்மாய்களின் சீமையாதலால் அங்குள்ளவர்களுக்கு இதை விளக்குவது எளிது: கரையின் உட்புறத்தை அலை அரித்துக்கொண்டே இருக்கும்; வெளிப்புறத்தில் ஆடு மேயும், பிள்ளைகள் விளையாடுவார்கள்; கரை வலுவிழந்து வருவதை, தினமும் நடந்து பார்க்கும் நீர்க்காவலனைத் தவிர வேறு எவரும் அறியார். மூளையின் தமனியில் அந்த உடைப்போ அடைப்போ நேரும் நாளில்தான் ‘கை கால் விழுந்துவிட்டது’ என்று வீட்டார் அலறுகிறார்கள். இருதயம் தடித்துத் தளர்வதும், சிறுநீரகம் சுருங்கிச் செயலறுவதும், விழித்திரையின் நுண்குழாய்கள் கசிந்து பார்வை மங்குவதும் இதே அரிப்பின் விளைவுகள்.

அழுத்தத்தை முதன்முதலில் அளந்து எழுதியவர் இங்கிலாந்தில் ஒரு கிராமக் கோயிலின் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ். குதிரை ஒன்றின் தமனியில் நெடிய கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் அதில் எட்டடி மூன்று அங்குலம் ஏறியதைக் கண்டு, அந்த முடிவை 1733இல் நூலாக வெளியிட்டார். மனிதனுக்குக் குழாய் செருகாமல் எளிதில் அளக்கும் உபாயம் பிறக்க அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. இத்தாலியில் ரிவா-ரோச்சி என்ற வைத்தியர் 1896இல் கையைச் சுற்றி இறுக்கும் காற்றுப் பட்டையைச் சமைத்தார். 1905இல் ருஷ்யாவின் நிக்கோலாய் கொரோட்கோவ், பட்டையைத் தளர்த்திக்கொண்டே வருகையில் முழங்கையின் மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டால், இரத்தம் மீண்டும் பாயத் தொடங்கும்போது ஓர் ஒலி எழுவதையும் தடையின்றி ஓடும்போது அது மறைவதையும் கண்டறிந்தார். எழும் இடம் மேல் அளவு, மறையும் இடம் கீழ் அளவு. இன்று நமது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைப்பட்டையும் ஸ்டெதாஸ்கோப்பும் கொண்டு அளப்பவர்கள் பின்பற்றும் முறை அதுவே. மின்னணுக் கருவியோ ஒலியைக் கேட்பதற்குப் பதிலாகப் பட்டையில் உண்டாகும் அதிர்வைக் கொண்டு கணக்கிடுகிறது.

கருவி கிடைத்துவிட்டது, ஆனால் அது காட்டிய எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டும் என்ற ஞானம் உடனே பிறக்கவில்லை. வயது ஏற ஏற அழுத்தம் ஏறுவது இயற்கை என்றும், தடித்துப்போன குழாய்களில் இரத்தத்தைத் தள்ள அது அவசியம் என்றும் பெரிய வைத்தியர்கள் போதித்துவந்த காலம் இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் பரிசோதித்த இருதய வைத்தியர் கண்ட அளவு 186/108. உலகத்தில் மிக உயர்ந்த வைத்தியம் எதுவோ அது அவர் மாளிகையில் கைகட்டி நின்றது. ஆயினும் இருதயத்துக்கு ஊக்கம் தரும் ஒரு மூலிகைச் சத்தும் உப்புக் குறைப்பும் ஓய்வும் தவிர அவருக்குக் கொடுக்கத் தக்கது அன்று அதிகம் இல்லை. 1945 ஏப்ரல் 12ஆம் தேதி அழுத்தம் 300/190க்கு ஏறி, மூளையில் இரத்தம் பெருகி, அறுபத்து மூன்று வயதில் அவர் மறைந்தார். சேனைகளையெல்லாம் ஏவிய ஒருவருக்கு அன்று கிட்டாத சிகிச்சை, இன்று திருவரங்குளத்தில் கடலை பறிக்கும் ஒரு மூதாட்டிக்குக் காசில்லாமல் கிடைக்கிறது. இதைப் பெரிய விஷயமாகவே நான் கருதுகிறேன்.

ரூஸ்வெல்ட் மறைந்த மூன்றாண்டுகளுக்குப் பின், 1948இல், அமெரிக்காவில் பிரேமிங்காம் என்ற சிற்றூரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களுடைய அழுத்தத்தையும் கொழுப்பையும் அளந்து எழுதி வைத்துக்கொண்டு, யாருக்கு எது நேருகிறது என்று பார்த்துவரலானார்கள். வியாதி வந்தவர்களை மட்டும் பார்த்து அறிய முடியாத உண்மை, வியாதி வராத ஓர் ஊரை முழுமையாகப் பல்லாண்டு காத்திருந்து பார்த்ததால் வெளிப்பட்டது. அழுத்தம் மிகுந்தவர்களுக்கே மாரடைப்பும் பக்கவாதமும் மிகுதியாக வந்தன. எந்தத் துன்பமும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கும் வந்தன. நாற்பது முதல் அறுபத்தொன்பது வயதுவரை உள்ளவர்களுக்கு, மேல் அளவு 115இலிருந்து ஒவ்வோர் இருபது ஏறுந்தோறும் பக்கவாதத்தாலும் இருதய நோயாலும் மரணம் நேரும் வாய்ப்பு இரட்டிக்கிறது என்பது, பிற்காலத்தில் பத்து லட்சம் பேருடைய விவரங்களைத் தொகுத்து 2002இல் நிறுவப்பட்டது.

அறிந்த பின் குறைக்க வேண்டுமே, அதற்கு மருந்து? இங்கே நமது நாட்டின் பங்கு சிறிதன்று. அது பலருக்குத் தெரியாமலும் போய்விட்டது. சர்ப்பகந்தி என்ற செடியின் வேரை, சித்தப் பிரமைக்கும் பாம்புக் கடிக்கும் நமது வைத்தியர்கள் கையாண்டு வந்தார்கள். கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரு மருத்துவர்கள் அதைக் கொடுத்துப் பார்த்து, மனக் கொந்தளிப்பு அடங்குவதோடு இரத்த அழுத்தமும் இறங்குகிறது என்று 1931இல் எழுதினார்கள். அந்தக் கட்டுரை இந்தியச் சஞ்சிகை ஒன்றில் வந்ததாலோ என்னவோ, கடல் கடந்து எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பம்பாயைச் சேர்ந்த ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற இருதய வைத்தியர் தம்முடைய நோயாளிகளிடம் கண்ட பலனை 1949இல் பிரிட்டனின் இருதய மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மூன்றே ஆண்டுகளில், 1952இல், சுவிட்சர்லாந்தின் சிபா ஆய்வுக்கூடத்தார் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தனர். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரிகளில் டாக்டர் எட்வர்ட் பிரைஸ் தலைமையில் ஒரு சோதனை நடந்தது. கீழ் அளவு 115க்கு மேற்பட்ட 143 ஆடவரில் பாதிப் பேருக்கு ரெசர்பின், ஹைட்ரலசின், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகிய மூன்றும், மற்றப் பாதிப் பேருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. 1967இல் வெளிவந்த முடிவில், வெறும் மாத்திரை உண்டவர்களில் இருபத்தேழு பேருக்குக் கொடிய விளைவுகள் நேர்ந்திருந்தன. மருந்து உண்டவர்களில் இருவருக்கு மட்டுமே. அழுத்தத்தைக் குறைத்தால் உயிர் தப்புகிறது என்பதில் அதற்குப் பின் எவருக்கும் சந்தேகம் இருக்க நியாயமில்லை.

இந்த வேரின் பயணம் அங்கே முடிந்துவிடவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, அதே மூன்று மருந்துகள் சென்னைக்கு அருகேயுள்ள கிராமங்களுக்கு வந்து சேர்ந்தன. சென்னையின் சிறுநீரக மருத்துவ நிபுணர் டாக்டர் எம்.கே. மணி, சிறுநீரகம் முற்றிலும் கெட்ட பிறகு தம்மிடம் வருவோருக்கு இரத்தச் சுத்திகரிப்பும் மாற்றுச் சிறுநீரகமும் அளிக்க இத்தேசத்தில் ஒருபோதும் பணம் போதாது என்பதைத் தம் அனுபவத்தால் உணர்ந்து, கெடுவதற்கு முன்பே தடுப்பது ஒன்றுதான் ஏழை நாட்டுக்கு வழி என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய ‘கிட்னி ஹெல்ப் டிரஸ்ட்’, ஏறத்தாழ 25,000 பேர் வாழும் கிராமங்களை எடுத்துக்கொண்டது. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று, இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் உள்ளனவா என்று, மிக மலிவான இரண்டு திரவங்களைக் கொண்டு சோதித்தார்கள். அளவு மிகுந்தவர்களை மட்டும் மருத்துவர் பார்த்தார். மருந்துகளோ பழையவை, புதிய கம்பெனிகள் கைவிட்டவை, காசு பெறாதவை. செலவு ஆளொன்றுக்கு ஆண்டுக்கு அமெரிக்க டாலரில் மூன்றிலொரு பங்கைக்கூட எட்டவில்லை. எனினும் சிகிச்சை பெற்ற மிகப் பெரும்பாலோரின் அழுத்தம் 140/90க்குக் கீழே இறங்கியது. மனச்சோர்வை உண்டாக்கும் குறை ரெசர்பினுக்கு உண்டு என்பதால், இன்று அதற்குப் பதிலாக அம்லோடிபின், டெல்மிசார்ட்டான் போன்றவை வந்துவிட்டன, அவையும் மலிவானவையே. இந்தக் கதையில் நிலைத்து நிற்பது மருந்தின் பெயரன்று. கதவைத் தட்டிய பெண்ணே.

அரசாங்கமும் அந்தப் பாதைக்கு வந்து சேர்ந்தது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’, மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து பெண்களைத் தேர்ந்து, சுகாதாரத் தன்னார்வலர்களாகப் பயிற்றுவித்து, அழுத்தமானியும் சர்க்கரை அளக்கும் கருவியும் மாத்திரைப் பையும் கொடுத்து, தெருத் தெருவாக அனுப்பியது. முதியவர்களுக்கும் நடமாட இயலாதவர்களுக்கும் மாத்திரைகள் வீட்டிலேயே கிடைக்கின்றன. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

புதுக்கோட்டைச் சீமைக்கு இது முற்றிலும் புதிய காட்சியன்று. 1991ஆம் ஆண்டில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்தில் மூண்டெழுந்தபோது, எழுத்துக் கற்பிக்கப் போகும் பெண்கள் பிறர் தயவின்றி ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டுமென்பதற்காக, ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்லுடைக்கும் பெண்களும் வயல் வேலைக்காரிகளும் அந்தி நேரத்தில் சைக்கிளேறிப் போனதைக் கண்டு நாடே வியந்தது. ஒரு பெண் தன் ஊரின் எல்லா வாசல்களிலும் ஏறி இறங்கலாம், ஏதேனும் ஒன்றைக் கொடுக்கலாம், கேட்கலாம், எழுதிக்கொள்ளலாம் என்ற பழக்கம் அன்று உண்டாயிற்று. அதே சீமையில் அழுத்தமானியோடு இன்று செல்பவர்களுக்கு அந்தப் பழக்கம் ஒரு பூர்வார்ஜிதம்.

ஆனால் வாசலில் ஏறிவிட்டதனாலேயே அளவு சரியாக வந்துவிடாது. இரத்த அழுத்தத்தைப் போல் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவது வேறில்லை. தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தவளை உடனே அமர்த்தி அளந்தால் கருவி உயர்வாகவே காட்டும். ஐந்து நிமிஷமாவது அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும்; முதுகுக்குச் சுவரோ நாற்காலியோ ஆதாரம் வேண்டும்; கால்களைப் பின்னாமல் தரையில் ஊன்ற வேண்டும்; சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்கக் கூடாது; அரைமணி நேரத்துக்குள் காப்பியோ டீயோ புகையிலையோ உட்கொண்டிருக்கக் கூடாது. பட்டையைச் சட்டைக் கைமேல் சுற்றுவது தவறு. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத வியாதி இருப்பதாகத் தோன்றும். கையை இருதயத்தின் மட்டத்தில் தாங்கி வைக்காமல் பத்து சென்டிமீட்டர் கீழே தொங்கவிட்டால், ஏழு எட்டுப் புள்ளி மிகுத்துக் காட்டும்; அது இரத்தத்தின் எடையால் நேரும் எளிய பௌதிகக் கணக்கு. எல்லாவற்றையும்விடக் கிராமத்தில் கடினமான நிபந்தனை, அளக்கும்போது பேசாதிருப்பது. தெரிந்த பெண் வந்து திண்ணையில் அமர்ந்தால் மாட்டைப் பற்றியும் மகனைப் பற்றியும் பேசாமல் எப்படி இருப்பது? ஆயினும் அந்த இரண்டு நிமிஷம் மௌனம் காக்கத்தான் வேண்டும். பேச்சு மட்டுமே பத்துப் புள்ளிவரை ஏற்றிவிடும். ஒருமுறை அளந்து உயர்வாக இருந்தால் சற்றுப் பொறுத்து மறுமுறையும், பிறிதொரு நாளிலும் அளந்து, அப்போதும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் மட்டுமே வியாதி என்று முடிவு செய்வார்கள்.

முடிவு செய்தபின் தொடங்குகிறது மெய்யான வேலை. கண்டுபிடிப்பது ஒரு நாள் காரியம். மாத்திரை உண்பிப்பது ஆயுள் காரியம். கிராமத்துத் திண்ணைகளில் இந்தச் சம்பாஷணை எத்தனை தடவை நடந்திருக்கும் என்பதற்குக் கணக்கில்லை.

“அப்பத்தா, போன மாசம் குடுத்த மாத்திரையில பாதி அப்படியே இருக்கே?”

“உடம்புக்கு ஒண்ணும் செய்யலையே தாயி. நல்லா இருக்கையில எதுக்கு மருந்து? ஆரம்பிச்சுட்டா நிறுத்தவே முடியாதுங்கிறாங்களே.”

“மாத்திரை தின்னதாலதான் அப்பத்தா ஒண்ணும் செய்யலை. நிறுத்திப் பாருங்க, அளவு பழையபடி ஏறும். ஏறுனது உங்களுக்குத் தெரியாது, இந்த மிஷினுக்குத்தான் தெரியும்.”

இந்தப் பதிலில் உள்ள விஞ்ஞானம் குறைவானதன்று. மாத்திரை, வியாதியை வேரோடு களைவதில்லை. அதை உண்ணும் நாள்களில் அழுத்தத்தைத் தாழ்த்தி வைக்கிறது. ‘ஆரம்பித்தால் நிறுத்த முடியாது’ என்பது மருந்து உண்டாக்கிய அடிமைத்தனமன்று. வியாதி அகலாமல் இருப்பதன் அடையாளம். மேல் அளவைப் பத்துப் புள்ளி குறைத்தாலே பக்கவாதம் கால் பங்குக்கு மேல் குறைகிறது என்பது, உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட கணக்கு. இதை ஓர் உயர்ந்த மருத்துவர் ஆண்டுக்கு ஒருமுறை சொல்வதைக் காட்டிலும், மூன்றாம் வீட்டு மருமகள் மாதந்தோறும் வந்து சொல்வதே காதில் ஏறுகிறது. அவள் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கி எண்ணிப் பார்க்கிறாள். தவறிய நாள்களைக் கேட்கிறாள். அவளுக்குப் பொய் சொல்ல ஜனங்கள் கூசுகிறார்கள். இத்தனை பொறுப்பைச் சுமக்கும் பெண்ணுக்கு நாம் கொடுப்பதோ சிறு ஊக்கத்தொகை. ஆயிரம் வீட்டு இருதயங்களுக்குக் காவல் நிற்பவளுக்கு நிலையான ஊதியமும், வெயிலில் அலையும் வண்டிச் செலவும், பயிற்சியில் உயர்ச்சியும் கிடைக்க வேண்டும் என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். திட்டத்தின் பெயர் எதுவாயினும் ஆட்சி எவருடையதாயினும், அவள் வராத மாதத்தில் மாத்திரை நிற்கும்.

இனி ஆகாரத்தைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு ஒருவர் உண்ணலாம் என்று வகுத்த உப்பு ஐந்து கிராமுக்கும் குறைவு. அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம். குழம்பிலும் பொரியலிலும் போடுவதோடு இது தீர்ந்துவிடும். அதற்குமேல் பழைய சோற்றில் போடும் உப்பு, தொட்டுக்கொள்ளும் ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம், வடகம், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர் ஆகிய யாவும் அளவை மீறியவை. ‘வெயிலில் வேர்வை சிந்துகிறோம், உப்புப் போட்டால்தான் தெம்பு’ என்று உழைப்பாளிகள் சொல்வதில் நியாயம் இருப்பதுபோல் தோன்றினும், வழக்கமான உணவில் உள்ள உப்பே சாதாரண வேர்வைக்குப் போதுமானது. சோற்றின்மீது பழி சுமத்துவதும் சரியன்று. 1940களில், நல்ல மருந்துகள் தோன்றுமுன், அமெரிக்காவில் வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர் கடுமையான இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அரிசிச் சோறும் பழமும் மட்டுமே கொடுத்துப் பலருக்கு அழுத்தத்தை இறக்கிக் காட்டினார். அச்சோற்றில் உப்பு ஏறத்தாழ அறவே இல்லை என்பதே அதன் இரகசியம். சோறு நமக்குச் சத்துருவன்று. இலையின் மூலையில் வைக்கும் உப்பும் ஊறுகாயுமே சத்துரு.

உப்பில் உள்ள சோடியத்தைக் குறைப்பதோடு, பொட்டாசியம் மிகுந்தவற்றைக் கூட்டினால் சிறுநீரகம் சோடியத்தை எளிதில் வெளியே தள்ளும். சீனாவில் அறுநூறு கிராமங்களில், ஏறத்தாழ இருபத்தோராயிரம் பேரை வைத்து நடந்த சோதனையில், உப்பில் நான்கிலொரு பங்கைப் பொட்டாசிய உப்பாக மாற்றிக் கொடுத்தபோது, பக்கவாதம் நூற்றுக்குப் பதினான்கு வீதம் குறைந்ததாக 2021இல் அறிவித்தார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ஆபத்தாக முடியக்கூடும். ஆதலால் அத்தகைய உப்பை மருத்துவரைக் கேளாமல் வாங்கலாகாது. மற்றவர்களுக்குப் பொட்டாசியம் கடையில்தான் கிடைக்க வேண்டுமென்பதில்லை: வம்பனில் ஆராயப்படும் பயறுகளிலும், கொல்லையில் முளைக்கும் கீரையிலும், வாழைப்பழத்திலும், இளநீரிலும், வடகாட்டுப் பலாச்சுளையிலும் அது நிறைந்திருக்கிறது. விளைவிக்கிறவர்களே அவற்றை விற்றுவிட்டு, அந்தக் காசில் எண்ணெயும் உப்பும் தோய்ந்த பொட்டலங்களைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம் கிராமங்களில் பெருகி வருவது மனத்தை வருத்துகிறது. புகையிலை தமனியைக் கெடுப்பது பற்றியும் மது அழுத்தத்தை ஏற்றுவது பற்றியும் அதிகம் விவரிக்கத் தேவையில்லை, எல்லோரும் அறிந்ததே.

ஆங்கில நாட்டுப் பேராசிரியர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுதிய ஒரு கட்டுரை, நோயாளியை மட்டும் பார்த்துப் பழகிய கண்களை ஊரைப் பார்க்குமாறு திருப்பியது. 180 உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் அபாயம் மிக அதிகம். ஆனால் அத்தகையோர் ஊரில் சிலரே. 135, 145 என்று சற்றே மிகுந்தவர்களுக்கு அபாயம் சிறிது. ஆனால் அவர்கள் ஏராளம். ஆகவே ஊரில் நேரும் பக்கவாதங்களில் பெரும் பகுதி இந்த இரண்டாம் கூட்டத்திலிருந்தே வருகிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று புள்ளி குறைந்தாலும் ஊருக்குக் கிடைக்கும் நன்மை, உச்சத்தில் உள்ள சிலருக்குச் சிகிச்சை அளிப்பதால் மட்டும் கிடைப்பதைவிட மிகுதியாக இருக்கக்கூடும். சத்துணவுக் கூடத்துச் சாம்பாரிலும், கல்யாணப் பந்தியின் குழம்பிலும், டீக்கடை வடையிலும் உப்பைச் சற்றே தாழ்த்துவது, யாரும் கவனியாமலே எல்லோருக்கும் கொடுக்கும் சிகிச்சையாகும்.

திருவரங்குளம் போன்ற ஊர்களில் இனிச் செய்ய வேண்டியவற்றுள் அவசரமானது ஒன்றுண்டு. பகலில் வீடு தேடி வரும் பெண்ணுக்குக் கிடைப்பவர்கள் முதியவர்களும் பெண்களும். முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்கள் அந்நேரம் வயலிலோ, கட்டட வேலையிலோ, திருப்பூரிலோ, கடல் கடந்தோ இருக்கிறார்கள். கருவி இவர்களுடைய கையைத் தொடுவதே அரிது. முதன்முதலில் தொடுவது பலருக்குப் பக்கவாதத்தோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கையில்தான். வேலைத்தலங்களுக்கே சென்று அளக்கும் ஏற்பாட்டை 2024இல் அரசு தொடங்கியிருக்கிறது; ஆனால் வரப்பும் களத்துமேடும் எந்தப் பட்டியலிலும் சேர்ந்த வேலைத்தலமன்று. இந்த ஆண்களை ஓரிடத்தில் காணக்கூடிய நேரங்கள் கிராமத்தில் சிலவே: விடியலில் டீக்கடை வாசல், கிராம சபை கூடும் நாள், வெளியூர் சென்றவர்கள் திரும்பும் கோயில் திருவிழாவும் பொங்கலும். அந்த இடங்களில் நிழலில் இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும் போட்டு, ஐந்து நிமிஷம் அமர்த்தி, டீ குடிப்பதற்கு முன்பே அளந்து, எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களின் பெயரை அந்தத் தெருவின் தன்னார்வலரிடம் அன்றே ஒப்படைக்க வேண்டும். வெளியூர் திரும்புகிறவனுக்கு இரண்டு மாத மாத்திரையும், போகுமிடத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைத் தொடர்ந்து வாங்கலாம் என்ற விவரமும் கொடுத்தனுப்ப வேண்டும். இதற்கு வேண்டிய கருவியும் மாத்திரையும் ஏற்கெனவே கிராமத்தில் இருக்கின்றன. நாளும் இடமும் குறித்து ஆட்களை நியமிப்பது ஊராட்சியும் சுகாதார நிலையமும் சேர்ந்து உட்கார்ந்தால் முடிந்துவிடும் காரியம்.